ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய குடும்பக் கார்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கா, ஆய்வு ரிப்போர்ட்டா?

ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரைப் பார்ப்பதும் ஒன்றரை லட்சம் ஓடியதைப் பார்ப்பதும் ஒரே வேலை இல்லை. இரண்டாவதில் தேய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அதில் எதையெல்லாம் மாற்றினார்கள், எதையெல்லாம் மாற்றாமல் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு: நாமே பார்ப்பது, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போவது, காசு கொடுத்து ஆய்வு ரிப்போர்ட் வாங்குவது. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரியும். ஆனால் ஒன்றின் கண்ணுக்குத் தெரிவது இன்னொன்றுக்குத் தெரியாது.

நாமே பார்ப்பதைப் பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக்கூட அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: நேரம். மெக்கானிக் காலை ஆறு மணிக்கு வரமாட்டார், நாம் போகலாம். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போய், முதல் வேலையாக பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ எதையோ மறைக்க நினைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

ஆறிப்போன இன்ஜின் பொய் சொல்லாது. சாவியைத் திருப்பும்போது ஒருவர் உள்ளே, ஒருவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்க வேண்டும். வால்வு சீல்கள் தேய்ந்திருந்தால், இரவில் கசிந்து இறங்கிய ஆயில் முதல் சில விநாடிகளில் எரிந்து நீலப் புகையாக வரும். இன்ஜின் சூடானதும் அது மறைந்துவிடும், மதியம் போய்ப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் எழும் சலசல சத்தமும் அப்படித்தான், ஆயில் மேலே ஏறியதும் பல வண்டிகளில் அடங்கிவிடும். வெள்ளைப் புகைக்கு உடனே பயப்பட வேண்டாம். குளிரில் வருவது வெறும் நீராவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்திருந்தால்தான் ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்பை, சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவையும் நம் வேலைதான். ரீடிங் எழுபதாயிரம் காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிடக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும், சுருண்டு உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய சந்தேகம், விளக்கையே யாராவது செயலிழக்க வைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. அப்புறம், குடும்பம் உட்காரப்போவது பின்னால். பின் ஏசி, பின் ஜன்னல்கள், குழந்தை இருக்கை மாட்டும் கொக்கிகள் இவற்றை எந்த மெக்கானிக்கும் நமக்காகச் சோதிப்பதில்லை.

நம்மால் முடியாதது, வண்டிக்கு அடியில் போவது. மெக்கானிக்குக் கொடுக்கும் காசு முழுக்க அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். லிஃப்டில் ஏற்றினால் எந்த இடம் ஈரமாக மட்டும் இருக்கிறது, எந்த இடம் சொட்டுகிறது, ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, சேசிஸில் துரு மேலோட்டமா, அல்லது வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்களா என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். சந்தேகம் இருந்தால் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் செய்யச் சொல்லலாம். அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சிலிண்டர்களுக்கிடையே 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் யோசிக்க வேண்டும்.

மெக்கானிக்கிடமும் குறை உண்டு. ‘இதெல்லாம் ஒண்ணும் பெரிசில்லை’ என்று சொல்லும்போது அவர் வேலையின் சிரமத்தைச் சொல்கிறார், நமக்கு வரப்போகும் பில்லை அல்ல. அவர் கை பழகாத மாடலாக இருந்தால் பாதி ஊகம்தான். விற்பவர் கைகாட்டும் மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆய்வு ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். பெயிண்ட் தடிமனை அளப்பது அதில் நிஜமாகவே உபயோகமான விஷயம். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100-150 மைக்ரான் அளவில் இருக்கும், பட்டி பூசி டிங்கரிங் செய்த இடத்தில் அது பல மடங்கு ஏறும். ஆனால் வைப்பருக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே மாதிரி ஒரு டிக் போட்டு, மொத்தத்தில் மதிப்பெண் கொடுப்பது எனக்கு ஒத்துவராத சங்கதி. வெளியூர் வண்டி என்றால் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும். வாங்க இது மட்டும் போதாது.

இந்த மூன்றிலும் சேராமல், எல்லாவற்றுக்கும் துணையாக இருப்பது கைபேசியோடு இணையும் ஸ்கேனர். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்த ஸ்கேனரைச் செருகும் ஓபிடி இணைப்பு கட்டாயமானது. பலர் அதில் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது ‘ரெடினஸ்’ பக்கம். பிழையை அழித்தால் செக் இன்ஜின் விளக்கு அணையும், ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றின் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். வண்டி பலவிதமாக ஓடிய பிறகே அவை ஒவ்வொன்றாக முடியும். பிழையை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகள் காட்டிக்கொடுக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகலாம் என்பதால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். சில நாள் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். கிளட்ச் வழுக்குவது, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தேய்ந்தது, துரு இவையெல்லாம் ஸ்கேனருக்குத் தெரியாது.

சில அறிகுறிகளில் மூன்று வழிகளும் மூன்று பதில் சொல்லும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு பசை. நாம் பதறுவோம், ரிப்போர்ட்டில் சிவப்பு வட்டம் விழும். மெக்கானிக்கோ டிப்ஸ்டிக்கை இழுத்து, ஆயில் சுத்தமாக இருக்கிறதா, கூலன்ட் அளவு சரியா, அதில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்பார். குறைந்த தூரமே ஓடும் வண்டியில், குளிர்காலத்தில் ஈரம் படிந்தும் இப்படி வரும். இந்த மாதிரி இடத்தில் நான் மெக்கானிக் பக்கம்தான்.

ஒன்றுக்கு மட்டும்தான் காசு செலவு செய்ய முடியும் என்றால், லிஃப்ட் வைத்திருக்கும் மெக்கானிக்குக் கொடுங்கள். காலை ஸ்டார்ட்டை நீங்களே பார்த்துத் திருப்தியான வண்டியை மட்டும் அவரிடம் கொண்டுபோங்கள். டீசல் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-ல் சேர்ந்திருக்கும் கரி, இன்ஜெக்டர்கள் தெளிக்கும் டீசலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த அளவு இவற்றை நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

டயர், பேட்டரி, பிரேக் டிஸ்க், புஷ் இவையெல்லாம் விலை பேசும் விஷயங்கள். சேசிஸ் வெல்டிங், வெள்ளத்தில் மூழ்கிய தடயம், வழுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், போய்விட்ட ஹெட் கேஸ்கட் இவற்றுக்கு விலை பேசாதீர்கள், விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது, சில இன்ஜின்களில் செயினுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் பெல்ட். மாடலைப் பொறுத்துச் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி மாற்ற வேண்டியது அது. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ‘போன வருஷம்தான் மாத்தினோம்’ என்பார்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு முதல் நீண்ட பயணம் கிளம்பும் முன் மாற்றியும் விடுங்கள்.