மாத மளிகைக்குக் குறைந்த விலைக் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

வீட்டில் ஐந்து பேர். கணவர், நான், மாமியார், அப்புறம் பள்ளியிலிருந்து வந்ததும் அடுக்களையைச் சூறையாடும் இரண்டு பையன்கள். பெரிய நகரத்தில் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் நாம் குறைக்க முடியாது. மாதச் செலவில் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்க முடிகிற இடம் மளிகைதான். அதனால் எல்லாம் கிடைக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டு, நகரம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு குறைந்த விலைக் கடைக்கு மாறினோம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைக் கடைகள் எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடக்கின்றன. நான் சொல்வதில் முக்கால்வாசி உங்கள் பக்கத்துக் கடைக்கும் பொருந்தும்.

உள்ளே போனால் பார்க்க லட்சணமாக ஒன்றும் இருக்காது. பாட்டு கிடையாது, வாசனை கிடையாது, சிரித்தபடி வழி காட்ட ஆள் கிடையாது. சரக்கு வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே ரேக்கில் ஏற்றியிருப்பார்கள். மாமியார் முதல் முறை வந்தபோது சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னும் சரக்கையே பிரிச்சு அடுக்கலை போலிருக்கே, நாளைக்கு வரலாமா?" என்றார். தள்ளுவண்டிகளைக்கூட ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்திருப்பார்கள். ஒரு நாணயத்தைச் சொருகினால் வண்டி கழலும்; திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் கைக்கு வரும். வெளியே சிதறிக் கிடக்கும் வண்டிகளைப் பொறுக்கி வர ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசை நாம்தான் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்து அல்பிரெக்ட் சகோதரர்கள், கார்லும் தியோவும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அம்மாவின் சிறிய கடையை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். போருக்குப் பிந்தைய பஞ்ச காலம். நிறைய ரகம் வாங்கி அடுக்கக் கையில் முதல் இல்லை. சில பொருட்களை மட்டும் வைத்து, லாபத்தைக் குறைத்து, விறுவிறுவென்று விற்றார்கள். பிற்பாடு பணம் வந்தபோதும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. 1960-களின் தொடக்கத்தில், கடையில் சிகரெட் விற்கலாமா கூடாதா என்ற சண்டையில் அண்ணன் தம்பி வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1962-இல் அவர்கள் கடைகளுக்கு 'ஆல்டி' என்ற பெயர் வந்தது. இன்று உலகெங்கும் உள்ள குறைந்த விலைக் கடைகள் பலவும் கூட்டியோ குறைத்தோ அந்த வழியில்தான் போகின்றன.

சூட்சுமம் ரகங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரக்கணக்கான பொருட்கள் இருக்கும்; இங்கே அதில் சிறு பங்குதான். சர்க்கரை ஒன்றே ஒன்று. உப்பு ஒன்று. தக்காளி சாஸ் ஒன்று, பெரிய பாட்டில். பத்து கம்பெனியிடம் பத்துப் பத்துப் பெட்டி வாங்குவதற்குப் பதில் ஒரே கம்பெனியிடம் நூறு பெட்டி வாங்கினால் விலையை அடித்துப் பேசலாம் அல்லவா? எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பொருளிலும் குறைகிற விலையைவிட இன்னொன்றுதான் பெரிய லாபம்: எடுத்துப் பார்க்கவே ஒன்றும் இல்லாததால், எழுதிக்கொண்டு போன சீட்டில் உள்ளதோடு வீடு திரும்ப முடிகிறது. பழைய கடையில் பிஸ்கட் வரிசையைக் கடப்பதற்குள் பையன்கள் வண்டியில் நாலைந்து புது ரகம் போட்டிருப்பார்கள். இங்கே அந்தப் பேச்சு இல்லை. இருப்பதே கொஞ்சம், அதையும் அவர்கள் எப்போதோ தின்று பார்த்தாகிவிட்டது.

கடையின் சொந்த பிராண்ட் பற்றிப் பலருக்கும் தயக்கம் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. 1976-இல் பிரான்ஸின் கார்ஃபூர் கடை, பிராண்ட் பெயரே இல்லாமல் வெள்ளை உறையில் ஐம்பது பொருட்களை இறக்கியது. விளம்பரச் செலவு இல்லை, அதனால் விலை குறைவு என்பதுதான் கணக்கு. கணக்கு இன்றும் அதேதான். உறைக்கு மட்டும் இப்போது கலர் வந்துவிட்டது. சர்க்கரை, உப்பு, மாவு, ஓட்ஸ், பருப்பு, சமையல் எண்ணெய் இவற்றில் பெரிய பிராண்டுக்கும் இதற்கும் என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. பால், முட்டை, வெண்ணெய் நன்றாகவே இருக்கின்றன. சரக்கு வேகமாகப் போவதால் தேதியும் புதிதாக இருக்கும். பிஸ்கட், சாஸ் மாதிரிக் கூட்டுப் பொருட்களில்தான் நிதானம் தேவை. பாக்கெட்டின் பின்புறத்தில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் எடை அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். தக்காளி சாஸில் தக்காளிக்கு முன்னால் சர்க்கரையோ தண்ணீரோ நின்றால் அது ஏன் மலிவு என்று புரிந்துவிடும். எங்கள் கடை சாஸில் தக்காளிதான் முன்னால் இருக்கிறது. பழச்சாறு என்று விற்பதில் பழம் முன்னால் இல்லை, அதை வாங்குவதில்லை.

தேறாதவையும் உண்டு. குப்பைப் பை கிழிகிறது, அதுவும் படியிறங்கும்போது. பாத்திரம் கழுவும் திரவம் தண்ணீராக ஓடுகிறது. ஒரு பாட்டில் வேலைக்கு ஒன்றரை பாட்டில் பிடிக்கிறது. விலை குறைவு என்று வாங்கினால் கணக்கு நேராகிவிடுகிறது.

விலைச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் மிச்சமாவதும் போவதும் அங்கேதான். ரேக்கின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாக்கெட்டின் விலை பெரிய எழுத்தில் இருக்கும். அதன் மூலையில் எறும்பு அளவில் இன்னொரு எண்: கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று. ஐரோப்பிய ஒன்றியம் 1998-இலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. வேறு பல நாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. நான் பார்ப்பது அந்தச் சின்ன எண்ணை மட்டும்தான். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நாம் பழகிவிட்டோம். எங்கள் கடையில் எண்ணெய் பெரிய கேனாக வாங்கினால் லிட்டர் விலை குறைகிறது. ஓட்ஸில் நடுத்தரப் பாக்கெட்டுதான் லாபம், பெரியதில் கிலோ விலை கூடுதலாகவே வருகிறது. இதைக் கண்டுபிடித்தவன் என் சின்னவன். "அம்மா, பெருசை வை, சின்னதா ரெண்டு எடு" என்று அவன் சொன்னபோது சும்மா சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். சீட்டைக் காட்டினான். இப்போது கணக்குப் போடும் வேலை அவனுடையது. ஒரு சீட்டில் நூறு கிராமுக்கும் அடுத்ததில் கிலோவுக்கும் விலை போட்டிருப்பார்கள்; அங்கே கொஞ்சம் நின்று பெருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டின்னில் வரும் கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 400 கிராம் என்று இருக்கும். திருப்பினால், நீர் வடித்த எடை 240 கிராம் என்று பொடி எழுத்தில் இருக்கும். மிச்சம் உப்புத் தண்ணீர். இரண்டு டின்னை ஒப்பிடும்போது வடித்த எடையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நேரம் இருந்தால் காய்ந்த கடலையை ராத்திரி ஊறப்போடுவது இன்னும் மலிவு. எனக்கு வார நாட்களில் அது நடக்காது.

பாக்கெட் இளைக்கும் கதையும் இங்கே உண்டு. விலை அதே, உறை அதே, உள்ளே எடை மட்டும் குறைந்திருக்கும். பிரான்ஸில் 2024 ஜூலை முதல் பெரிய கடைகள் இதைச் சீட்டு ஒட்டி வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கிலோ விலையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த வித்தை நம்மிடம் பலிக்காது. எடை குறைந்த அன்றே அந்தச் சின்ன எண் ஏறிவிடும்.

இனி குறைகள். காய்கறி, பழம் இந்தக் கடையில் வாங்காதீர்கள். எல்லாம் பிளாஸ்டிக்கில் கட்டி வருகிறது. தொட்டுப் பார்க்க முடியாது. வலைப்பையில் உள்ள வெங்காயத்தில் நடுவில் இருப்பது அழுகியிருந்தால் வீட்டுக்கு வந்துதான் தெரியும், அதற்குள் பக்கத்தில் இருப்பதும் ஈரமாகியிருக்கும். காய்க்குத் திறந்தவெளிச் சந்தைதான், அதுவும் சாயங்காலம் கடை கட்டும் நேரம். மாமியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். தக்காளியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பார். விலை தானாக இறங்கும். அந்தக் கலை எனக்கு வரவில்லை.

கடையின் நடுவில் ஒரு வரிசை இருக்கும். அதில் வாரா வாரம் சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத சரக்கு மாறி மாறி வரும்: ஸ்குரூ டிரைவர் செட், காலுறை, கூடாரம், எதையோ அரைக்கும் கருவி. தீர்ந்துவிட்டால் இனி வராது என்று எழுதியிருக்கும். அரிசியில் மிச்சம் பிடித்த காசு இங்கேதான் ஒழுகுகிறது. என் கணவரை இந்த வரிசைப் பக்கம் விடுவதில்லை. வீட்டில் துளை போடும் கருவி ஏற்கெனவே இருக்கிறது.

பில் போடும் இடம் தனி அனுபவம். பாக்கெட்டில் பார்கோடை இரண்டு மூன்று பக்கமும் பெரிதாக அச்சடித்திருப்பார்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் மெஷின் படிக்க. கல்லாவில் இருப்பவர் மூச்சு விடாமல் தள்ளுவார். அந்தப் பக்கம் சாமான் வைக்க ஒரு முழம் இடம்கூட இருக்காது. அங்கேயே நின்று பையில் போடலாம் என்று நினைத்தால் வரிசையில் நிற்பவர்களின் பெருமூச்சு காதில் விழும். எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் உள்ள மேடைக்குப் போய் நிதானமாக அடுக்குங்கள். கனமானதை முதலில் பெல்ட்டில் வைத்தால் முட்டை தப்பும். கல்லா ஆறு இருந்தாலும் திறந்திருப்பது இரண்டுதான். மாத முதல் வார விடுமுறை நாளில் போனால் காத்திருப்பு நிச்சயம்.

மேடையில் அடுக்கும்போதே பில்லையும் ஒரு பார்வை பாருங்கள். எங்களுக்கு ரேக்கில் ஒரு விலையும் பில்லில் கூடுதலாக ஒரு விலையும் வந்ததுண்டு. புது விலை கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது, சீட்டை மாற்றவில்லை. வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் மேலாளர் வரும்வரை நிற்க வேண்டியிருந்தது, வருத்தம் தெரிவிக்கவும் யாருக்கும் நேரம் இல்லை.

வீட்டு வாசலில் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்களோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். அவசரத்துக்குப் பால் வாங்க அது சரி. மாதச் சாமானுக்குச் சரிவராது. சின்னச் சின்னப் பாக்கெட், அதன்மேல் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், குறைந்தபட்ச ஆர்டரை எட்டுவதற்காக வேண்டாத ஒன்றைச் சேர்ப்பது என்று கணக்கு வீங்குகிறது. அதேபோல, குறைந்த விலைக் கடை உங்கள் வீட்டிலிருந்து வெகுதூரம் என்றால் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பேருந்தில் ஒரே நேர் வழி. மாதத்துக்கு ஒரு பெரிய வாங்கல் என்பதால் கட்டுப்படியாகிறது. தனியாக இருப்பவருக்கு இந்தப் பெரிய பாக்கெட்டுகள் பாதி வீணாகும். ஒவ்வாமைக்காகவோ நோய்க்காகவோ குறிப்பிட்ட உணவு தேவைப்படும் வீட்டுக்கும் இங்கே ரகம் போதாது. ஐந்து பேர் வீட்டுக்கு, வாடகைக்கு அடுத்த பெரிய செலவை அடக்க, இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை.

டீத்தூள் மட்டும் இன்னும் பழைய கடையில்தான். இங்கே உள்ளதைப் போட்டுக் கொடுத்தேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் நல்லா இருக்கு" என்றார்.