நாய்க்கு உணவு அட்டவணை தரும் செயலிகள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நாய்க்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பதில் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தோம். 'எந்நேரமும் கால்நடை ஆலோசனை' என்று விளம்பரம் செய்கிறார்கள். வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரின் படமும் உண்டு. உள்ளே மருத்துவர் யாரும் இல்லை. பெயரை நான் சொல்லவில்லை. இதே சரக்கு பல பெயர்களில் விற்கிறது. ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கள் மணி நாட்டு நாய், 14 கிலோ. உண்ணிக் காய்ச்சல் வந்து இளைத்துப்போயிருந்தான். உடம்பு தேறுவதற்கு ஒரு வார உணவு கேட்டோம். நொடியில் அழகான தமிழில் அட்டவணை வந்தது. காலையில் தயிர்சாதத்தோடு ஒரு கைப்பிடி உலர்திராட்சை, 'இரத்தம் ஊறுவதற்கு'. இரவில் கோழிக்கறியோடு நசுக்கிய பூண்டு, 'உண்ணி அண்டாமல் இருக்க'. இடையில் சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய். அம்மா அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, வரி பிசகாமல் வைத்துவந்தார்.

மணி வாந்தி எடுக்கத் தொடங்கினான். சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. செயலியிடம் கேட்டதற்கு, ஒரு டம்ளர் வெந்நீரில் மூன்று ஸ்பூன் உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கச் சொன்னது. ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு இப்படி ஒரு வைத்தியம்! "வாயில்லாத ஜீவனுக்கு உப்புத் தண்ணீரா? போய் ஆட்டோவைக் கூப்பிடு" என்று அம்மா அதட்டினார். அவ்வளவு உப்பு உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி நாய்க்கு வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எகிறியிருந்தது. சிறுநீரகம் அடிபட்டிருந்தது. டிரிப்ஸ் ஏற்றினார்கள், மணி பிழைத்துக்கொண்டான். அட்டவணையைக் கொண்டுவரச் சொன்ன மருத்துவர் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனார். திராட்சை, அதுவும் உலர்திராட்சை, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிவிடும், இன்னொன்று சிலவற்றிலேயே படுத்துவிடும். ஆகவே 'கொஞ்சம் கொடுக்கலாம்' என்ற அளவே கிடையாது. பூண்டும் வெங்காயமும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அறிகுறி தெரியவே சில நாட்கள் ஆகலாம். சர்க்கரையில்லாத வேர்க்கடலை வெண்ணெய் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது. மனிதரிடம் இப்படிச் செய்யாத அது நாய்க்கு இன்சுலினைப் பெருக்கி, அரைமணி, ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கலாம். எங்கள் புட்டியில் அது இல்லை. இருந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

பிறகு ஆத்திரத்தில் செயலியைச் சோதித்துப் பார்த்தேன். 'நாய்க்குத் திராட்சை கொடுக்கலாமா?' என்று நேராகக் கேட்டால், கூடவே கூடாது, நஞ்சு என்று பத்தி பத்தியாக எழுதுகிறது. சரியான பதில்தான். அதே மூச்சில், இரத்தசோகை உள்ள நாய்க்கு ஏழு நாள் உணவு கேட்டால், திராட்சை மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுட்டிக்காட்டினால் 'மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி' என்கிறது. 'பூண்டு நல்லதுதானே?' என்று நான் வேண்டுமென்றே இழுத்தபோது அதற்கும் தலையாட்டியது. மனிதர்களுக்கு எழுதப்பட்ட ஆரோக்கியக் குறிப்புகளில் நாயின் பெயரைச் செருகிக் கொடுக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரத்தத்துக்குத் திராட்சை, சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையில்லாப் பண்டம்: எல்லாம் வாரப் பத்திரிகைகளில் நமக்காக வருபவை.

நம் வீடுகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திராட்சையின் நஞ்சுக்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021-ல் முன்வைத்தார்கள். அந்த அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. செயலியிடம் ரசம் சாதம் பற்றிக் கேட்டேன். 'செரிமானத்துக்கு உகந்தது, தாராளமாகக் கொடுங்கள்' என்றது. ரசத்தில் புளியோடு பூண்டும் கிடக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் வாடிக்கையாளர் சேவையிலும் இயந்திரமே பேசுகிறது. முதலில் வருத்தம் தெரிவித்தது. பிறகு, சேவையைப் பயன்படுத்திவிட்டதால் பணம் தர இயலாது என்றது. கடைசியில் விதிமுறைகளின் அடியில் இருக்கும் 'இது மருத்துவ ஆலோசனை அல்ல' என்ற வரியை எடுத்துக் காட்டியது. விளம்பரத்தில் இருந்த ஆலோசனை எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் உரையாடலையும் அட்டவணையையும் முதலில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடியபின் அவை கிடைக்காமல் போகலாம். செயலியை நீக்கிவிட்டால் மட்டும் சந்தா நிற்காது. யுபிஐயில் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியைப் பணம் செலுத்தும் செயலிக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.