மூலக்கூறு மாடல் செட்: குளுக்கோஸுக்கு வாங்கலாம், டிஎன்ஏவுக்கு வேண்டாம்

நான்கு மாதமாக என் மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கிற செட் இது. எனக்கு உயிர்வேதியியல் பாடம் நடத்துவதுதான் பிழைப்பு. அக்கா மகள் இந்த வருடம்தான் உயிரியல் எடுத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஆகட்டும் என்று வாங்கினேன்.

பெட்டிக்குள் கார்பனுக்குக் கருப்பு உருண்டை 24, ஹைட்ரஜனுக்கு வெள்ளை 44, ஆக்சிஜனுக்குச் சிவப்பு 24, நைட்ரஜனுக்கு நீலம் 10, கந்தகத்துக்கு மஞ்சள் 2. கூடவே ஒரு பை குச்சி, இரட்டைப் பிணைப்புக்கு வளையும் குச்சி கொஞ்சம், தனியாக ஒரு டிஎன்ஏ ஏணி. குச்சிகள் முதல் வாரம் ரொம்ப இறுக்கம். பல்லால் இழுக்காதீர்கள். நான் இழுத்து ஒன்றை நசுக்கினேன்.

முதலில் குளுக்கோஸ் செய்தோம். புத்தகத்தில் அது தாளில் அச்சடித்த அறுகோணமாகத் தட்டையாகப் படுத்திருக்கும். கையில் செய்தால் படுக்காது. கார்பன் உருண்டையின் நான்கு துளைகளும் 109.5 டிகிரியில் இருப்பதால், ஐந்து கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த அந்த வளையம் தானாகவே மடிந்து நாற்காலி மாதிரி நிற்கிறது. பீட்டா வடிவத்தில் பெரிய கிளைகள் எல்லாம் பக்கவாட்டில் விரிந்து, இடிக்காமல் இருக்கும். முதல் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சிலையும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கிளை) இடம் மாற்றிச் செருகினால் ஆல்ஃபா. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் சங்கிலி. ஒரு குளுக்கோஸிலிருந்து ஹைட்ராக்சில், அடுத்ததிலிருந்து ஒரு ஹைட்ரஜன் என்று பிடுங்கினால்தான் இரண்டையும் ஒட்ட முடியும். பிடுங்கியவற்றைச் சேர்த்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு. அதை அக்கா மகள் ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்தாள். மூன்று குளுக்கோஸ் கோத்ததும் மூடியில் இரண்டு தண்ணீர். நான்காவதைச் செய்யப் போனால் வெள்ளை உருண்டை போதவில்லை. மூன்று குளுக்கோஸுக்கே 36 போய்விட்டது, மீதி 8, வேண்டியது 12. நான் செட்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் மூடியில் இருந்த இரண்டு தண்ணீரையும் உடைத்து நான்கு வெள்ளையை எடுத்துவிட்டாள். "சித்தி, இது சங்கிலிக்கு வேண்டாம்னு வந்ததுதானே!" நான்காவதும் ஒட்டியதும் எண்ணிப் பார்த்தோம்: கார்பன் 24, ஹைட்ரஜன் 42, ஆக்சிஜன் 21. குளுக்கோஸின் வாய்பாட்டை நான்கால் பெருக்கினால் ஏன் விடை வராது என்று இதற்கு முன் பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! இந்தக் குறையை மட்டும் செட்காரர் சரி செய்யவே வேண்டாம்.

ஆல்ஃபாவாகக் கோத்தால் சங்கிலி வளைந்து சுருளப் பார்க்கிறது, அது மாவுச்சத்து. பீட்டாவாகக் கோக்க வேண்டுமானால் ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், அப்போது சங்கிலி குச்சி மாதிரி நேராகப் போகிறது, அது செல்லுலோஸ். நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் (ஹைட்ரஜன் வழியாக வரும் மெல்லிய ஈர்ப்பு) ஒட்டிக்கொள்வதால்தான் பருத்தி நூலுக்கு அந்த வலு.

புரதச் சங்கிலியின் கண்ணியான அமினோ அமிலத்துக்கும் செட் நன்றாகவே உழைக்கிறது. அலனைன் என்ற அமினோ அமிலத்தை இரண்டு விதமாகச் செய்தால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. நம் உடலின் புரதங்களில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நடுக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். கார்பாக்சில் (COOH), பக்கக் கிளை, அமினோ (NH2) என்ற வரிசை கடிகாரம் சுற்றும் திசையில் வந்தால் அதுதான்.

கோளாறு, ஒரு அமினோ அமிலத்தை அடுத்ததோடு கோக்கும் பெப்டைடு பிணைப்பில் தொடங்குகிறது. அங்கே கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் இருப்பது பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி, எளிதில் சுழலாது. அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் இருக்கும். இந்த செட்டில் நீல உருண்டைக்கும் நான்கு துளை, குச்சியும் வழவழவென்று சுற்றுகிறது. ஐந்து அலனைன் கோத்தால் சங்கிலி நனைந்த கயிறு போலத் தொங்குகிறது. இதை வைத்துப் புரதம் ஏன் குறிப்பிட்ட வடிவத்துக்கு மடிகிறது என்று எப்படி விளக்குவது?

கடைசியில் அட்டைதான் கைகொடுத்தது. தீப்பெட்டி அளவுக்கு நான்கு அட்டை வெட்டி, ஒவ்வொரு பெப்டைடு பிணைப்புக்கும் ஒன்று என்று நாடாவால் ஒட்டினேன். 1948-ல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் சளி பிடித்துப் படுத்திருந்தபோது, காகிதத்தில் புரதச் சங்கிலியை வரைந்து, இதே தளத்தைக் கலைக்காமல் மடித்துப் பார்த்துத்தான் ஆல்ஃபா சுருளை, அதாவது புரதச் சங்கிலி திருகாணி போலச் சுற்றும் வடிவத்தை, பிடித்தார். அதை 1951-ல் வெளியிட்டார். அதில் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.6 அமினோ அமிலம். அட்டை ஒட்டியதும் என் கயிறும் அடங்கியது. முதல் அலனைனின் ஆக்சிஜனும் ஐந்தாவதின் நைட்ரஜனில் இருக்கும் ஹைட்ரஜனும் எதிரெதிரே வந்து நின்றன. நடுவில் ஒரு நூல் கட்டினேன், ஹைட்ரஜன் பிணைப்புக்கு. இனிச் சுழல மிச்சம் இருப்பது நடுக் கார்பனின் இரு பக்கமும் உள்ள இரண்டு குச்சிகள்தான். அவற்றையும் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது, அணுக்கள் இடிக்கும். எந்தெந்தக் கோணம் இடிக்காது என்று கணக்கிட்டு ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-ல் வரைபடமே போட்டுவிட்டார்கள். அட்டை இல்லாமல் அந்த வரைபடத்தை யாருக்கும் புரிய வைத்திருக்க மாட்டேன்.

கொழுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டியரிக் அமிலத்துக்கே 18 கார்பன். மூன்றைக் கிளிசராலில் கோக்க 57 வேண்டும், இருப்பதோ 24. ஒலியிக் அமிலம் ஒன்று செய்து, ஒன்பதாவது கார்பனில் அது முழங்கை போல மடிவதைப் பார்த்துவிட்டுக் கலைத்தோம். "நான்கு பெருமூலக்கூறுகளும் செய்யலாம்" என்று பெட்டி மேல் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

இப்போது டிஎன்ஏ ஏணி. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு படியிலும் பெரிய காரம் (டிஎன்ஏவின் எழுத்து) ஒன்று, சின்னக் காரம் ஒன்று, படிகள் எல்லாம் ஒரே அகலம். இது சரி. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்ட அடினைன்-தைமின் படிக்கும் இரண்டு முளை, குவானைன்-சைட்டோசின் படிக்கும் இரண்டு முளை. பின்னதற்கு மூன்று வேண்டாமா? அகலப் பள்ளம், குறுகிய பள்ளம் என்ற வேறுபாடும் இல்லை. புரதங்கள் பெரும்பாலும் அந்த அகலப் பள்ளத்தின் வழியாகத்தான் எழுத்தைப் படிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், ஏணி இடப்பக்கம் முறுக்குகிறது! வலக்கைக் கட்டைவிரலை மேலே நீட்டி, மற்ற விரல்கள் மடியும் பக்கமாகச் சுற்றி ஏற வேண்டிய ஏணி அது. பக்கச் சட்டங்கள் ஒரே பக்கம்தான் பொருந்துகின்றன, அதனால் திருப்பி மாட்டவும் வழி இல்லை. இடப்பக்கம் சுற்றும் இசட் வகை டிஎன்ஏ உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான், ஆனால் அதன் சட்டம் நெளிநெளியாகப் போகும். இது வழவழவென்று போகிறது. செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "புரிதலுக்கான மாதிரி மட்டுமே" என்று ஒரு வரி பதில் வந்தது.

அதனால் உருண்டைகளுக்காக வாங்குங்கள், அட்டையும் நாடாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏணியை நான் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நேற்று அக்கா மகள் அதை எடுத்துக் கண்ணாடி முன்னால் பிடித்து, "இப்ப சரியாயிடுச்சு சித்தி" என்றாள். கண்ணாடியில் சர்க்கரையும் இடம் வலம் மாறிவிடுமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏணியில் சர்க்கரை என்று இருப்பது வெறும் ஐங்கோணத் துண்டு. பேசாமல் இருந்துவிட்டேன்.