இடத்துக்கு ஐந்து நட்சத்திரம், கூட்டிப்போனவருக்கு இரண்டரை

மொரீஷியஸ் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கடற்கரையையும் ஏழு வண்ண மண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் ஒரு காலையை ஒதுக்கி, தலைநகர் போர்ட் லூயிஸைச் சுற்றிக் காட்டும் நடைச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது நோக்கமில்லை. மூன்று மணி நேரம், ஒன்பது பேர். சொன்ன நேரத்துக்குக் கிளம்பினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வெயிலில் அதிகம் நிறுத்தவில்லை. அதெல்லாம் குறை சொல்லும்படி இல்லை.

நான் போனதே 'ஆப்ரவாசி காட்', அதாவது 'குடியேறியவர்களின் படித்துறை' என்ற பழைய கிடங்குக்காகத்தான். 1834 முதல் 1920 வரை, கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்பட்ட கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் மொரீஷியஸில் வந்து இறங்கினார்கள், அவர்களில் பெரும்பாலோர் பதிவானது 1849-ல் கட்டிய இந்தக் கிடங்கில்தான். கல்கத்தாவுக்கு அடுத்தபடியாக நம் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்திருக்கிறார்கள். கட்டடத்தில் பெரும்பகுதி போய்விட்டது, பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரைகிறது, ஆனால் அந்தப் பதினாறு கல்படிகள் இருக்கின்றன. கருங்கல், நடுவில் தேய்ந்தவை. வெறுமனே பார்த்தால் ஒன்றுமில்லை, தெரிந்து பார்த்தால் அதில் கால் வைக்க மனம் வராது. 2006-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. முன்பு இதற்கு வழங்கிய பெயர் கூலி காட்.

இங்கேதான் சிக்கல். பெயர் ஏன் மாறியது என்று கேட்டேன். "கூலி என்றால் இந்தியில் சுமை தூக்குபவன், அது கொஞ்சம் மரியாதைக் குறைவான சொல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வழிகாட்டி அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டார். போதாததற்கு, இரண்டு பை சுமந்து வந்த ஒருவரைக் காட்டி "இதோ நம் கூலி" என்று ஒரு ஜோக் வேறு. அந்த இடத்தில்!

முதலில், விஷயம் அவ்வளவு எளிதல்ல. குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, நம் தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, இரண்டும் கலந்தும் இருக்கலாம். நமக்குக் கூலி என்பது ஆள் இல்லை, உழைத்ததற்குக் கிடைப்பது. "மெய்வருத்தக் கூலி தரும்" என்று பள்ளியில் ஒப்பித்ததுதானே. வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தில் அது ஆளின் பெயராகி, அப்புறம் ஓர் இனத்தின் பெயராகவே ஆகிவிட்டது. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் இதே தீவில் இருந்தது. பெயரில் கூலி, கையில் அதிலும் பாதி. வழிகாட்டி இதைச் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

எங்கள் குழுவில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார், அறுபது வயதிருக்கும், முன்னோர்கள் தமிழர்கள். அந்த ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தபோது அவர் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு நிழலில் உட்கார்ந்தபோது சொன்னார்: கடையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அவர் அப்பா எடுத்த சாமானை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாராம், வீட்டில் அன்று சர்க்கரை இருக்காதாம். அங்கே காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். முனுசாமி, ராமசாமி என்று நம் பெயர்களின் வாலைப் பிடித்து, காய்கறி விற்கிறவர்களை எல்லாம் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமான் என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரியாது.

நாமும் ஒன்றும் யோக்கியமில்லை, ரயில் நிலையத்தில் ஆளையே "கூலி!" என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். இலங்கையில் மலையகத் தமிழர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று சொன்னது வெள்ளைக்காரன் இல்லை, தமிழ் பேசுகிறவர்களே.

சரி, போகலாமா? ஆப்ரவாசி காட் படித்துறைக்குக் கட்டாயம் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, உள்ளே விளக்க மையம் இருக்கிறது, நிதானமாகப் படித்தால் இரண்டு மணி நேரம் ஆகும், வழிகாட்டியே தேவையில்லை. நவம்பர் 2 அங்கே பொது விடுமுறை, 1834-ல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு அட்லஸ் கப்பல் வந்த நாள். அன்று போனால் கூட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சந்தைப் பகுதி சுமார், அதற்காக இந்தச் சுற்றுலாவில் சேர வேண்டாம்.

முடிவில் டிப்ஸாக 200 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும். அதைக் காட்டி, "கூலி இந்த மொழியிலும் உண்டு, இப்போது உங்கள் கையில் இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் அது" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். அந்த அரை நட்சத்திரம் அதற்குத்தான்.