கடல் தாண்டும் வில்லுப்பாட்டு: அரசு வழியா, தமிழ்ச் சங்க வழியா?

நெல்லைச் சீமையில் கொடை என்கிற கோயில் திருவிழாவில் பாடும் வில்லுப்பாட்டுக் குழுவோ கணியான் கூத்துக் குழுவோ வெளிநாட்டு மேடை ஏற வேண்டுமென்றால் முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஐசிசிஆர் என்கிற இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில். மௌலானா ஆசாத் 1950-இல் தொடங்கி வைத்தது. லண்டன் நேரு மையம், பெர்லின் டாகூர் மையம் எல்லாம் அதைச் சேர்ந்தவை. இன்னொன்று, அந்தந்த நாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் அழைப்பு. மாநில அரசும் இருக்கிறதே என்றால், இருக்கிறது. நல வாரியம், மாவட்டக் கலை மன்ற விருது, சென்னை சங்கமம் என்று அது பெரும்பாலும் உள்ளூரோடு சரி.

எங்கள் வில்லுப்பாட்டுக் குழு அரசு வழியில் ஐரோப்பா போய்வந்தது. முதல் பயணத்துக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

பணத்தில் சங்கம்தான் மேல். அரசு வழியில் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, கூடவே ஒரு சன்மானம், அவ்வளவுதான். சம்பாதிப்பதுதான் நோக்கம் என்றால் கொடை நடக்கும் ஆடி மாதம் ஊரிலேயே இருந்துவிடலாம்.

ரசிகர்களிலும் சங்கம் ஜெயிக்கும். வில்லுப்பாட்டு சொல்லில் நிற்கிற கலை. தலைமைப் பாடகரான புலவர் கதையை இழுத்துக்கொண்டு போவார், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், நடுவே ஒரு நக்கல் விழும், கூட்டம் குலுங்கும். தமிழ் தெரியாத சபையில் அந்த "ஆமா" வெறும் சத்தம். இரவு முழுக்கப் பாட வேண்டிய சுடலைமாடன் கதையில், எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் அவர் பிறப்பைக்கூடப் பாடி முடிக்க முடியவில்லை. குடத்திலும் உடுக்கையிலும் தாளக்கட்டு காட்டித்தான் கைத்தட்டு வாங்கினோம். கணியான் கூத்துக்கு இந்தச் சங்கடம் குறைவு. மகுடம் என்கிற தோல் வாத்தியத்தின் அடிக்கும் ஆட்டத்துக்கும் மொழி வேண்டாம். ஆனால் மகுடத்தைத் தீயில் காட்டிச் சூடேற்ற வேண்டுமே, புகை பட்டால் அலாரம் அலறும் மண்டபத்தில் என்ன செய்வது? ஹேர் டிரையர்தான்!

இத்தனையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஏன் அரசுப் பக்கம் நிற்கிறேன் என்றால், விசா. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கொடைக்குப் பாடுகிறவர் அச்சாரத்தை வெற்றிலை பாக்கோடு வாங்குகிறார். மீதி, கொடை முடிந்த காலையில் கைக்கு வரும். ரசீது இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் நூறுநாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும்தான் தெரியும். ஆதாரில் ஒரு பெயர், கொடை நோட்டீசில் பட்டத்தோடு வேறொரு பெயர். இந்தக் காகிதங்களோடு விசா கேட்டால், இவர் திரும்பி வருவாரா என்றுதான் அதிகாரிக்குத் தோன்றும். சங்கத்தின் அழைப்புக் கடிதம் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது. விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணமும் திரும்பி வராது. குடக்காரருக்குக் கிடைத்து உடுக்கைக்காரருக்கு மறுத்துவிட்டால், மொத்தக் குழுவும் உட்கார வேண்டியதுதான்.

அரசு அனுப்பும்போது பேச்சே வேறு. இன்னார் எங்கள் கலைஞர், இந்தத் தேதிக்குப் போய் இந்தத் தேதிக்குத் திரும்புகிறார் என்று இந்திய அரசே எழுதித் தருகிறது. எங்கள் உடுக்கைக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி, பையில் என்ன என்பதுதான். எடுத்து இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

அந்த நிலைக்கு வருவதற்கு ஐசிசிஆர் கலைஞர் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். அது லேசில்லை. விண்ணப்பத்தோடு நிகழ்ச்சிப் பதிவும் அனுப்ப வேண்டும். கொடையில் எடுத்த வீடியோவில் பாட்டைவிட வேட்டும் குழாய் ஸ்பீக்கரும்தான் கேட்டன. ஒரு பள்ளிக்கூட ஹாலைக் கேட்டு வாங்கி, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, புதிதாகப் பாடி அனுப்பினோம். அப்புறம் காத்திருப்பு. பட்டியலில் பெயர் வந்தாலே பயணம் வந்துவிடும் என்றும் இல்லை.

அமெரிக்கா பற்றி, போய்வந்த குழுக்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும். அங்கே தங்கள் மரபுக் கலையை நிகழ்த்த வருகிறவர்களுக்கென்றே பி-3 விசா இருக்கிறது. அழைக்கும் சங்கம் அங்கே மனுப் போட்டு ஒப்புதல் வாங்கிய பிறகு ஒவ்வொருவரும் இங்கே நேர்காணலுக்குப் போக வேண்டும். விவரம் தெரிந்த பெரிய சங்கம் என்றால் இதைச் சுத்தமாகச் செய்து கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஒரு நாட்டு முத்திரை இருந்தால் நேர்காணலில் பேசுவது சுலபம் என்கிறார்கள். இரண்டாவது பயணத்துக்குச் சங்கத்தை நம்பலாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

தேதி மட்டும் அரசு வழியில் நம் கையில் இல்லை. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா ஜூலை 4-ஐ ஒட்டி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அது ஆனி மாதம், சமாளித்துக்கொள்ளலாம். அரசு அழைப்பு கொடை நடக்கும் சித்திரையில் வந்தாலும் வரும். அச்சாரம் வாங்கிய கொடையை அம்போவென்று விட முடியாது. வேறொரு குழுவைப் பேசி, கொடைக்கு வரி கொடுக்கும் கோயில் வரிதாரர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும்.