மின்துறைச் சந்தை ஆய்வு என்ற பெயரில் விற்கப்படும் கற்பனை

புதுச்சேரியிலும் கடலூரிலும் மின் நிலையங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கருவிகள் செய்துகொடுக்கும் சிறு தொழில் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எரிசக்தித் துறையில் எந்தத் தொழில்நுட்பம் புழங்குகிறது, அங்குள்ள பொறியாளர்கள் தகவலை எங்கிருந்து பெறுகிறார்கள் என்று சந்தை ஆய்வு செய்து தருவதாக ஒரு நிறுவனம் நம் தொழிற்பேட்டைகளில் சுற்றி வருகிறது. எங்களிடம் மூன்றரை லட்சம் ரூபாய் பேசினார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அறுபது சதவீதம் முன்பணமாகப் போய்விட்டது. கைக்கு வந்தது வழவழப்பான தாளில் அச்சடித்த கற்பனை. நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்பதால், அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்வதே உங்களுக்கு அதிகம் உதவும்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்களுடையது சிறிய பட்டறை. கன்வேயர் பெல்ட்டை இழுக்கும் மோட்டார், கியர்பாக்ஸ், பேரிங் ஆகியவற்றின் அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து, பழுதாவதற்கு முன்பே எச்சரிக்கும் கருவி செய்கிறோம். நெய்வேலியில் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரி பெல்ட்டில் ஏறித்தான் மின் நிலையத்துக்குப் போகிறது. ஒரு பேரிங் இறுகிவிட்டால் அந்த வரிசை முழுவதும் நிற்கும். எனவே எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தவை மிகவும் குறிப்பானவை. எச்சரிக்கை வந்தால் அது யார் கண்ணில் படுகிறது? கட்டுப்பாட்டு அறைத் திரையிலா, கைப்பேசியிலா, ஷிப்ட் பதிவேட்டிலா? புதிதாக ஒரு கருவி வந்தால் எதைப் பார்த்து நம்புகிறார்கள்: கேட்டலாக்கையா, கண்காட்சியையா, இன்னொரு நிலையத்தில் இருக்கும் நண்பரின் சொல்லையா? வாங்கலாம் என்று கையெழுத்துப் போடுபவர் யார்? நேர்மையாகச் செய்த ஆய்வு இதற்கெல்லாம் பதில் சொல்லும். அப்படிப்பட்ட ஆய்வுக்கு மூன்றரை லட்சம் அதிகமும் இல்லை.

அறிக்கையை முதலில் புரட்டிப் பார்த்தவர் என் சித்தப்பா. நெய்வேலிச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். "ஏம்மா, முதல் அனல்மின் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறை ஆட்கள் பதில் சொன்னதாகப் போட்டிருக்கிறதே, அதை மூடி வருஷக்கணக்காகிறது, யாரைப் போய்க் கேட்டார்கள்?" என்றார். சோவியத் உதவியுடன் கட்டப்பட்டு 1962இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய அந்த 600 மெகாவாட் நிலையம் 2020இல் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் எழும்பிவிட்டது. ஆனால் எங்கள் அறிக்கையில் பழைய நிலையத்தின் "செயல்பாட்டுப் பொறியாளர்கள்" அடுத்த ஆண்டு மென்பொருளை மேம்படுத்தப் போவதாக உற்சாகமாகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பல அனல்மின் நிலையங்களில் ஆட்களைச் சந்தித்ததாக ஒரு பக்கம் சொன்னது. இங்கே அரசுக்குச் சொந்தமாக இருப்பது காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் ஒன்றுதான். நமக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி நெய்வேலி போன்ற மத்திய நிலையங்களிலிருந்து வருகிறது. இன்னொரு பக்கத்தில், குளிர்காலத்தில் மின்தேவை உச்சத்தைத் தொடும்போது பொறியாளர்கள் எந்தத் திரையை அதிகம் பார்க்கிறார்கள் என்று ஒரு வரைபடம். தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2ஆம் தேதி, கத்திரி வெயிலுக்கு இரண்டு நாள் முன்பு. மார்கழியில் மின்விசிறியையே நிறுத்திவிட்டுத் தூங்கும் ஊரில் குளிர்கால உச்சம் எங்கிருந்து வரும்? பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் அறிக்கையை எடுத்து ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பதவிப் பெயர்களும் அப்படியே. மாநில மின்வாரிய வழியில் வந்த நிறுவனங்களில் உதவிப் பொறியாளர், உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஒரு படிவரிசை உண்டு. இந்த வட்டாரத்தில் மின்கட்டணத் தகராறுக்காகப் படியேறிய யாருக்கும் அது மனப்பாடம். எங்கள் அறிக்கையில் பதில் சொன்னவர்கள் "துணைத் தலைவர்" என்றும் "தகவல் உத்தி இயக்குநர்" என்றும் இருந்தார்கள்.

இனி எண்களுக்கு வருகிறேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் துறை பற்றி எதுவும் தெரியாதவர்கூட வீட்டிலிருந்தே இதைச் சோதித்துவிடலாம்.

மாதிரி அளவு 384 என்று கொட்டேஷனிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். 384 என்பது பாடப்புத்தக எண். பெரிய மக்கள்தொகையிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், 95 சதவீத நம்பகத்தோடு ஐந்து சதவீதம் கூடக்குறைய விடை கிடைக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட்டால் அந்த எண் வரும். குலுக்கல் முறை இல்லையென்றால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. இவர்களுடைய பட்டியலோ தொழில்முறை சமூக வலைத்தளத்தில் தேடிப் பிடித்தது என்று முறையியல் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு, களத்துக்குப் போன எந்த ஆய்விலும் சிலர் மறுப்பார்கள், சிலர் பாதியில் போனை வைப்பார்கள். இங்கே வாக்குக் கொடுத்ததும் 384, வந்ததும் சரியாக 384. எத்தனை பேரை அழைத்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று எங்கும் ஒரு வரி இல்லை.

அடுத்தது வகுத்தல் கணக்கு. "சுரங்கப் பொறியாளர்கள், மாதிரி 24" என்ற அட்டவணையில், 43 சதவீதம் பேர் கைப்பேசியில் எச்சரிக்கை பெற விரும்புகிறார்கள் என்று இருந்தது. இருபத்து நான்கு பேரில் பத்துப் பேர் என்றால் 41.7 சதவீதம், பதினொரு பேர் என்றால் 45.8. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஆள் கிடையாது. இப்படிப்பட்ட நடக்க முடியாத சதவீதங்கள் அந்த ஒரு அட்டவணையிலேயே பல இருந்தன. கேட்டபோது, எடையிட்டுக் கணக்கிட்டால், அதாவது சிலருடைய பதிலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தால், அப்படி வரும் என்றார் அவர்களுடைய மேலாளர். எடையிட்டால் வரலாம்தான். ஆனால் "எடையிடல் செய்யப்படவில்லை" என்று முறையியல் பக்கத்தில் எழுதியிருப்பதும் அவர்களேதான். பக்க எண்ணைச் சொன்னேன். பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்தவர் அழைக்கவில்லை.

ஒவ்வொருவரும் சொன்ன பதில்கள் அடங்கிய மூலத்தரவைக் கேட்டோம். பதில் சொன்னவர்களின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று மறுத்தார்கள். ரகசியம் நியாயமானதுதான், அதற்குப் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுத் தர வேண்டும், தராமல் இருக்க அது காரணமாகாது. சந்தை ஆய்வாளர்களுக்கென்று ஈசோமார் என்ற அமைப்பு 1948இல் ஒரு நடத்தை நெறியை வகுத்தது. 1977 முதல் சர்வதேச வணிகச் சபையோடு சேர்ந்து அதை வெளியிட்டு வருகிறது. தரவு சேகரித்த தரத்தை வாடிக்கையாளர் தனியாகச் சோதித்துப் பார்க்க இடம் தர வேண்டும் என்பது அந்த நெறியில் இருக்கிறது. இவர்களுடைய விளம்பர ஏட்டின் கடைசி அட்டையில் "ஈசோமார் நெறிப்படி" என்று அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியதும் எக்செல் கோப்பு வந்தது.

அந்தக் கோப்பைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. பதில்களில் பெரும்பகுதி இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் பதிவாகியிருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லியிருக்கிறார்கள். வரிசைகள் அப்படியே திரும்பத் திரும்ப வருகின்றன. "உங்கள் வேலையில் பெரிய சிக்கல் என்ன?" என்று சொந்தமாக எழுதச் சொன்ன கேள்விக்கு வரிசைக்கு வரிசை "பராமறிப்பு" என்று பதில். தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் மேட்டூரிலும் உள்ள பொறியாளர்கள் எல்லோரும் ஒரே எழுத்தில் பிழை விட்டிருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய ஒரு கேள்வி அந்த வினாத்தாளில் இருந்தது. உங்கள் கட்டுப்பாட்டு அமைப்பின் மென்பொருள் எந்த நிறுவனத்துடையது, எந்தப் பதிப்பு, வெளியிலிருந்து அதை அணுக என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறது அது. நாங்கள் கொடுத்த தேவைப் பட்டியலில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. 61 சதவீதம் பேர் பதில் சொன்னதாகவும் அறிக்கை கூறுகிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினிப் பிணையத்தில் (நெட்வொர்க்) இருந்த ஒரு கணினியில் தீங்கு செய்யும் நிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. 2021இல் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கென்று இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நிலையத்தை இயக்கும் பிணையத்தை இணையத்தோடு தொடர்புள்ள கணினிகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், கருவிகளை நம்பகமான மூலங்களிலிருந்தே வாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பொறியாளர் முன்பின் தெரியாத குரலிடம் பதிப்பு எண்ணைச் சொல்வார் என்று நான் நம்பவில்லை. சொல்லவில்லையென்றால் அந்த 61 சதவீதம் பொய். உண்மையிலேயே யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பட்டியல் இப்போது எங்கே இருக்கிறது, எங்களுக்காக என்று கேட்டதை வேறு யாருக்கு விற்றார்கள் என்பது இன்னும் பெரிய கவலை. மின் நிலையத்தில் வேலை செய்பவர்கள் இதைப் படித்தால், ஆய்வு என்று சொல்லி இத்தகைய கேள்வியோடு அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

பரிந்துரைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. "முடிவெடுப்பவர்களை" சமூக வலைத்தள விளம்பரத்தால் கவர வேண்டுமாம். விளம்பரம் செய்துதர அவர்களிடமே தனிப் பிரிவு இருக்கிறதாம். பொதுத்துறை நிலையங்கள் டெண்டர் வழியாகவும் ஜெம் என்ற அரசு இணையச் சந்தை வழியாகவும் வாங்குகின்றன. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு என்று அரசாணையே இருக்கிறது. பெண் நடத்தும் பட்டறைக்கு எழுதிய அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் கூட இல்லை. சித்தப்பாவும் அவருடைய பழைய நண்பர்கள் சிலரும் ஒரு மாலைப் பொழுதில் சொன்னது இதைவிடப் பயன்பட்டது: திரையில் எல்லாம் தெரிந்தாலும் மணிக்கொரு முறை அளவுகளைத் தாளில் எழுதும் பழக்கம் போகவில்லை, ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் முதலில் படிப்பது அந்தப் பதிவேட்டைத்தான், பென் டிரைவோடு கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைய முடியாது, இணையம் இல்லாமல் வேலை செய்யாத கருவியை உள்ளேயே விடமாட்டார்கள். எங்கள் கருவியின் அடுத்த வடிவத்தை இதை வைத்துத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தின் பக்கம் போனால் அங்கே இன்னொரு சங்கடம் காத்திருந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைத்தோம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆட்களை வைத்துப் பட்டறை நடத்தும் எங்களுக்கு அந்தக் கதவு திறப்பது கடினம் என்றார் வக்கீல். காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, இது சிவில் விவகாரம் போல இருக்கிறதே என்றார்கள்.

அதற்குள் எதிர்த்தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அவர்களும் பதிவு பெற்ற சிறு நிறுவனமாம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். எங்களைப் போன்றவர்களைப் பெரிய நிறுவனங்களிடமிருந்து காப்பாற்ற வந்த சட்டத்தை எங்கள் மீதே நீட்டுகிறார்கள். மீதி நாற்பது சதவீதத்தைத் தராவிட்டால் அந்தச் சட்டப்படி நிலுவைப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போவதாக மிரட்டல்.

இங்கே எங்களைக் காப்பாற்றியது எங்கள் ஆடிட்டர் சொன்ன ஒரு வார்த்தை. பொருளோ சேவையோ கைக்கு வந்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தொலைபேசியில் எவ்வளவு சண்டை போட்டாலும் கணக்கில் வராது. அறிக்கை வந்த வாரத்திலேயே மூடிய நிலையம், குளிர்கால உச்சம், வகுபடாத சதவீதம் எல்லாவற்றையும் பக்க எண்ணோடு எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். அந்த ஆட்சேபத்துக்கு அவர்கள் இன்றுவரை பதில் தரவில்லை. ஆட்சேபம் நீங்கிய நாளிலிருந்துதான் 45 நாள் கணக்கு ஓடத் தொடங்கும் என்பது எங்கள் வக்கீலின் வாதம்.

இவர்களிடமிருந்தோ இவர்களைப் போன்றவர்களிடமிருந்தோ கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள், கடைசிப் பக்கத்து நிபந்தனைகளில் "மூலப்பதிவுகள் வாடிக்கையாளருக்கு வழங்கப்படமாட்டாது" என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அதை அடித்துத் தரச் சொல்லுங்கள். வினாத்தாளை நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே களப்பணி, பெயர் நீக்கிய எக்செல் கோப்பும் அழைப்புகளின் ஒலிப்பதிவில் நீங்கள் கேட்கும் சிலவும் வந்த பிறகே இரண்டாவது தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். நாங்கள் இப்போது சென்னையில் ஒரு சிறிய ஆய்வுக் குழுவிடம் பேசியிருக்கிறோம். இந்த நிபந்தனைகளைச் சொன்னதும், இதைத்தானே எல்லோருக்கும் தருகிறோம் என்று கேட்டார்கள். 384 என்று சொல்லவில்லை. முப்பது பேரை நேரில் பார்க்க முடிந்தாலே நல்லது, நெய்வேலியில் அனுமதி வாங்கவே நாளாகும் என்றார்கள்.