பிளை எல்லையை ட்ரிம் பண்ணும் வேலை: கேட்டியாவோடு நெடுநாள் பழகியதில்

கேட்டியா வி5 என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளில், நார்த்துணி அடுக்கிச் செய்யும் பாகங்களுக்கான கொம்போசிட்ஸ் பார்ட் டிசைன் பகுதியைப் பல வருடமாகப் பாவிக்கிறேன். கொழும்பில் இருக்கிற எங்கள் சின்ன ஆபீஸ் வெளிநாட்டுப் படகு, ட்ரோன் வேலைகளுக்குக் காபன் பைபர் பாகங்கள் வரைந்து கொடுக்கிறது. மோல்டும் (அச்சு) லேஅப்பும் (அச்சின்மேல் துணியை அடுக்கும் வேலை) ஜா-எல பக்கம் ஒரு பட்டறையில். இந்த மென்பொருளைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பைபர் திசை, அடுக்கு ஒழுங்கு என்றுதான் தொடங்குவார்கள். என் நேரத்தைத் தின்பது பிளைகளின், அதாவது துணி அடுக்குகளின், எல்லைக்கோட்டை வெட்டிச் சரிக்கட்டுகிற வேலை. ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

இதற்கென்று இருக்கும் கட்டளை லிமிட் கொன்டூர். வெட்டவேண்டிய பிளைகளைத் தெரிவுசெய்து, வெட்டுக்கோட்டைக் காட்டி, எந்தப் பக்கம் மிஞ்சவேண்டும் என்று அம்புக்குறியைத் திருப்பினால் சரி. பல பிளைகளை ஒரே தடவையில் வெட்டலாம், ஒவ்வொன்றையும் படிப்படியாகத் தள்ளியும் நிறுத்தலாம். சுமை போகும் திசையில் தடிப்பு குறையும் இடத்துக்கு 1:20 சரிவு வழக்கமான கணக்கு. 0.2 மிமீ தடிப்புள்ள துணி என்றால் ஒரு பிளைக்கு 4 மிமீ தள்ளவேண்டும். இதைக் கையால் ஒவ்வொரு கோடாக வரைந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டளையின் அருமை தெரியும்.

ஆனால் கட்டளை எவ்வளவு நல்லது என்பது நீங்கள் கொடுக்கிற கோட்டைப் பொறுத்தது. வெட்டுக்கோடு மோல்ட் பரப்பின்மேல் கிடக்கவேண்டும். பிளையின் எல்லையை இரண்டு பக்கமும் தாண்டிப் போகவேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய பரப்பின் விளிம்பையே நேரடியாகத் தொட்டுக் கோடாக எடுப்பது சுகமான வழி. புதிய பரப்பு வந்த அன்றைக்கு அந்த விளிம்பு காணாமல் போய், செய்த வேலைகளைத் திரையோரத்தில் வரிசையாகக் காட்டும் மரப்பட்டியல் முழுக்கப் பிழை என்று சிவக்கும். தளமும் பரப்பும் வெட்டும் கோடு, அதிலிருந்து தள்ளிய சமாந்தரக் கோடு என்று கட்டினால், பரப்பை மாற்றியதும் பெரும்பாலும் தானாகவே புதுப்பிக்கும். மூலப் பரப்போடு தொடுப்பில்லாத பிரதிக் கோடு அதைவிட மோசம். அது சிவக்காது, பழைய இடத்திலேயே பேசாமல் வெட்டிக்கொண்டிருக்கும்.

எல்லை மூடவில்லை என்று மென்பொருள் மறுத்தால், சிலர் கோட்டுத் துண்டுகளை ஒன்றாக்கும் ஜொயின் கட்டளையின் இணைப்புத் தூரத்தைக் கூட்டிவிடுவார்கள். இயல்பாக அது 0.001 மிமீ, கூட்டினால் 0.1 வரை போகும். எனக்கு அது பிடிக்காது. இடைவெளி எங்கே வந்தது என்று தேடி, கோட்டை அங்கேயே திருத்துவது மெதுவான வேலைதான், ஆனால் பிறகு வெட்டும் மெஷினில் தலையிடி இல்லை.

அப்புறம் தடிப்பு. எல்லாப் பிளையின் எல்லையும் அடிப்படைப் பரப்பு ஒன்றிலேயே வரையப்படுகிறது. நிசத்தில் முப்பதாவது பிளை அந்தப் பரப்பில் இல்லை, கிட்டத்தட்ட 6 மிமீ மேலே இருக்கிறது. ஆண் மோல்டில், அதாவது துணி வெளிப்பக்கமாகச் சுற்றும் குவிந்த அச்சில், ஒரு சி வடிவ ஸ்பாரை (இறக்கைக்குள் நீளமாக ஓடும் தாங்குசட்டம்) எடுங்கள். 90 பாகை மூலை ஒன்றைச் சுற்றும்போது மேல் பிளைக்கு 9.4 மிமீ கூடுதல் நீளம் வேண்டும், அந்த 6 மிமீயை அரை பையால் (π/2) பெருக்கினால் வருகிற கணக்கு. இரண்டு மூலைக்கும் சேர்த்து 19 மிமீ அளவில். திரையில் எல்லை மிகச்சரியாக நிற்கும், துணி மட்டும் எட்டாது. குழிந்த பெண் மோல்டில் இது தலைகீழ், துணி மிஞ்சி மூலையில் சுருங்கும். ஆகவே பிளைகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தள்ளிய பரப்பு ஒன்றில் எல்லையை மாற்றி, அதன் பிறகே வெட்டுவதற்கான தட்டை வடிவமாக (பிளாட் பேட்டர்ன்) விரிக்கிறேன். பட்டறையில் லேஅப் பார்க்கிற யாழ்ப்பாணத்து அண்ணை பிளாட் பேட்டர்ன் கையில் கிடைத்ததும் முதலில் கேட்பது, "தம்பி, இது எந்தப் பரப்பில விரிச்சது?" மென்பொருள் கேட்கவேண்டிய கேள்வி.

பாகத்தின் இறுதி விளிம்பு ஒன்று, லேஅப்புக்கான மிகை விளிம்பு இன்னொன்று. கேட்டியாவில் உற்பத்திக் கோப்பைத் தனியாக உருவாக்கி அங்கே மிகையைக் கூட்டும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. டிசைன் கோப்பில் சுத்தமான எல்லை மட்டும் இருக்கும். 2011 இல் சீமென்ஸ் கைக்குப் போன ஃபைபர்சிம் என்ற இன்னொரு கொம்போசிட் மென்பொருளில் ஒரே பிளைக்குள் இரண்டு எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அது லேசு. இரண்டில் எது என்று கேட்டால், மாற்றம் அடிக்கடி வரும் வேலைக்கு ஃபைபர்சிம் என்பேன்.

நார் 45 பாகையில் ஓடும் பிளையை ஜன்னல் போன்ற திறப்பின் மூலையில் வெட்டும்போது சில நேரம் கூரான சிறு துண்டு மிஞ்சும். முப்பரிமாணத்தில் கண்ணுக்குப் படாது. தட்டையாக விரித்துப் பார்த்தால்தான் கையால் பிடித்து ஒட்டமுடியாத ஒன்று என்று தெரியும். இதைத் தேட எனக்கு இன்னும் கண்தான் கருவி.

லைசன்ஸ் டொலரில். 2022 இல் ரூபாய் விழுந்தபோது அந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி நார்ப் பாயைக் கத்தரிக்கோலால் வெட்டி மீன்பிடிப் படகு செய்கிறவர்களுக்கு இது அநாவசியம். காபன் பிளைகள் பத்துக்கு மேல், தடிப்பு மாறும் இடங்களும் உண்டு, மெஷினில் வெட்டு என்றால் வாங்கலாம். வாங்கும்போது பரப்பு வரைகிற பகுதியும் அதே லைசன்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், வெட்டுக்கோடெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.